காற்றுக்கு நிற்கும் வண்டி

என் மகள் ஸ்கூட்டரோடு விழுந்த செய்தியை ஊருக்குச் சொன்னது நான்தான். யாரிடமும் சொல்லாதே என்று அவள் கேட்டிருந்தாள். நானும் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஸ்தோத்திர காணிக்கை போட்டேன், அவ்வளவுதான்.

எங்கள் சபையில் அது வழக்கம். வீட்டில் ஓர் ஆபத்து விலகினால், ஒரு நல்லது நடந்தால், காணிக்கையை ஓர் உறையில் போட்டு மேலே காரணத்தை எழுதிக் கொடுப்போம். ஜெபத்துக்கு முன்னால் போதகர் அதை வாசிப்பார். பிள்ளைகள் பரீட்சையில் தேறியது, வெளிநாட்டுக்கு விசா வந்தது, பித்தப்பையில் கல் எடுத்தது எல்லாம் அப்படித்தான் ஊருக்குத் தெரியும். நான் ஒரே வரிதான் எழுதினேன். மகளை வாகன விபத்திலிருந்து காத்ததற்காக. மைக்கில் கேட்டபோது அது ஒரு வரி போல் இல்லை. பெண்கள் பக்கம் இருந்த தலைகள் எல்லாம் எங்கள் பெஞ்சைப் பார்த்துத் திரும்பின. மகள் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு, "இதுக்கு நீ வடசேரி பஸ் ஸ்டாண்டுல போஸ்டர் ஒட்டியிருக்கலாம்மா" என்றாள்.

கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். அதில் இன்றைக்கும் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஆராதனை முடிந்து வாசலுக்கு வருவதற்குள் அங்கே நின்றவர்கள் என் மகளின் வேலையைப் பற்றி முடிவெடுத்து முடித்திருந்தார்கள்.

அவள் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். எலக்ட்ரிக்கல் படித்தவள். தோளிலும் இடுப்பிலும் பெல்ட் மாட்டிக்கொண்டு, கோபுரத்துக்குள் இருக்கும் ஏணியில் ஏறி, உச்சியில் இருக்கும் இயந்திரத்தைச் சரிபார்த்துவிட்டு இறங்குவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அந்த உயரத்தை நினைத்துத்தான் பயந்தேன். காற்று மிஞ்சிப்போனால் யாரையும் மேலே ஏற விடமாட்டார்கள் என்று சொல்லி அவள் சமாதானப்படுத்தினாள். கீழே சாலையில் போவதற்கு அப்படி ஒரு விதி கிடையாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஆனியிலும் ஆடியிலும் கணவாயில் அடிக்கிற காற்றை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்கு விளக்கினாலும் நம்ப மாட்டார்கள். ஒரு சாயங்காலம் அவள் வேலை முடிந்து நாகர்கோவிலைப் பார்த்து வந்துகொண்டிருந்தாள். வலது பக்கமிருந்து காற்று தள்ளியது. ஸ்கூட்டரைக் காற்றின் பக்கமாகவே கொஞ்சம் சாய்த்துப் பிடித்து ஓட்டியிருக்கிறாள். காற்றாலைக்கு இறக்கை கொண்டுபோய் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய நீள லாரி ஒன்று அவளை முந்தியது. லாரி பக்கத்தில் வந்ததும் காற்று மறைந்துவிட்டது. சாய்ந்திருந்த ஸ்கூட்டர் லாரியின் சக்கரத்தை நோக்கிப் போனது. அவள் இடது பக்கம் ஒடித்தாள். அதே நேரம் லாரி கடந்துபோக, மறைந்திருந்த காற்று மொத்தமாக வந்து அடித்தது. சாலையோரத்து மண்ணில் போய் விழுந்தாள். முழங்கையும் முட்டியும் உரசியதோடு போயிற்று. இந்தப் பக்கம் விழுந்தாள், அந்தப் பக்கம் விழவில்லை. எனக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு வித்தியாசம்தான்.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். அவள் விழுந்த மறுநாள் பதினொன்றாம் வகுப்பில் விசைகளைப் பற்றிப் பாடம். பலகையில் ஒரு பெட்டி வரைந்து, அதன் பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டேன். கை அங்கேயே நின்றுவிட்டது. பிள்ளைகள் காத்திருந்தார்கள். "டீச்சர், அம்பு எந்தப் பக்கம்?" என்று ஒருத்தி கேட்டாள். நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். இப்போதும் பலகையில் பக்கவாட்டில் அம்பு போடும்போது சாக்பீஸ் சற்றுத் தயங்கும்.

அப்படி இருந்தவளிடம்தான் ஆலய வாசலில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஆண்டவர் ஒரு தடவை எச்சரித்திருக்கிறார் என்றார் ஒருவர். கல்யாணத்தைப் பாருங்கள் என்றார் இன்னொருவர். என் கணவரின் தங்கை, பக்கத்துத் தெருவில் இருப்பவள், என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"மைனி, நான் அப்பமே சொன்னேன்லா? பொம்பளப் பிள்ளைக்குக் காத்தாடியில என்ன வேல? ஒரு பள்ளிக்கூடத்துல சேத்து விடுங்க. உங்கள மாதிரி நிம்மதியா இருக்கட்டு."

"நான் நிம்மதியா இருக்கேன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"பின்ன, காலையில நெழலுல போறிய, சாய்ங்காலம் நெழலுல வாறிய."

"அவ வெயிலுல போகட்டும்" என்றேன். எனக்கே அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அதுவரைக்கும் அவள் வேலையை விட்டுவிட்டால் தேவலை என்றுதான் நானும் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் இதே சபையில் ஒரு பையன் பைக்கில் போய் விழுந்து காலை முறித்துக்கொண்டான். அவனுக்கும் ஸ்தோத்திர காணிக்கை வாசித்தார்கள். அவனை யாரும் வேலையை விடச் சொல்லவில்லை. கட்டுப் பிரித்ததும் வீட்டில் புது வண்டி வாங்கிக் கொடுத்தார்கள். அதை ரிப்பன் கட்டி ஆலயத்து முற்றத்தில் கொண்டு வந்து நிறுத்தினார்கள். போதகர் சாவியைக் கையில் வாங்கி ஜெபம் பண்ணிக் கொடுத்தார். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று ஆமென் சொன்னோம். முட்டாய் கூடக் கொடுத்தார்கள்.

நடந்து வீட்டுக்கு வரும்போது என் கணவர், "தங்கச்சி சொல்லதுல என்ன தப்பு?" என்றார். அவர் வளைகுடாவில் பல வருடங்கள் லாரி ஓட்டிவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். சாலையில் என்னென்ன பார்த்தார் என்று எங்களிடம் சொன்னதே இல்லை. சொல்லாததாலேயே அவர் பயம் என்னுடையதைவிடப் பெரியது என்று எனக்குத் தெரியும்.

"தப்பு இல்ல. அது பிள்ளைக்க முடிவு, அவளுக்க முடிவு இல்ல, அதான்" என்றேன்.

பயந்தவள் நான். பலகைக்கு முன்னால் கை நின்றுபோனது எனக்கு. அந்தப் பயத்தை வாசலில் நின்ற நாலு பேர் எடுத்துத் தங்கள் பேச்சுக்கு வசதியாக வைத்துக்கொண்டார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

மகள் அன்றைக்கு மதியம் சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். அவளோடு வேலை பார்ப்பவர்கள் காற்றுக் காலத்தில் ஸ்கூட்டர் எடுப்பதில்லை. சக்கரம் சிறியது, வண்டி லேசு. கனமான பைக் வேண்டும். பஸ்ஸில் போனால் ஆரல்வாய்மொழியில் இறங்கலாம், அங்கிருந்து காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் காற்றாலைகளுக்குப் போக வழியில்லை. பஸ் வருவதற்கு முன்னாலேயே கம்பெனி ஜீப் கிளம்பிவிடும். புது பைக் வாங்குகிற நிலையில் வீடு இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

"பழசு போதும். கொஞ்சம் வயசான வண்டியா இருந்தாலும் கனம் இருக்கணும். அவ்வளவுதான்."

"பழைய வண்டி வழியில நின்னா?" என்றார் என் கணவர்.

"நின்னா எறங்கித் தள்ளுவேன்ப்பா. பறந்து போறதுக்கு அது மேலு."

அவர் கையைக் கழுவ எழுந்துவிட்டார். நான் சொன்னேன், வண்டி பார்க்கலாம், ஆனால் காற்றில் ஓட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்று. அந்த நிபந்தனை என்னை எங்கே கொண்டு நிறுத்தும் என்று யோசிக்காமல் சொன்னேன்.

முதலில் பார்த்த வண்டி கடற்கரை ஊர் ஒன்றில் இருந்தது. கறுப்பு நிறம், முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. மகள் சீட்டைக் கழற்றச் சொல்லி, அடியில் இருந்த சட்டத்தை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டினாள். வேலைக்கிடையே இரும்பைத் தட்டிப் பார்ப்பது அவளுக்குப் பழக்கம். தட்டிய இடத்திலிருந்து பெயிண்டோடு சேர்ந்து துரு அப்பளம் போல உதிர்ந்தது.

"அண்ணே, உள்ளெல்லாம் உப்பு தின்னுருக்கே."

"கடக்கரை வண்டியில உப்பு இல்லாம சீனியா மக்கா இருக்கும்?" என்றார் விற்பவர். கோபமே இல்லை அவருக்கு. நாங்களும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தோம். கடலிலிருந்து தள்ளி இருக்கிற ஊரில்தான் தேட வேண்டும் என்று மகள் சொன்னாள்.

அப்படிக் கிடைத்தது தக்கலை தாண்டி, ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டில். அவளும் நானும் என் கணவரும் பஸ்ஸில் போனோம். அவரை நான் வற்புறுத்திக் கூட்டிப்போனேன். வண்டிக்குச் சொந்தக்காரர் வெளிநாட்டில். அவர் மனைவி, என் வயதுக்காரி, வண்டியை மூடியிருந்த பழைய பிளெக்ஸ் பேனரை இழுத்தாள். ஒரு கல்யாண மாப்பிள்ளையின் முகம் மடங்கிக் கீழே விழுந்தது. உள்ளே நின்ற வண்டிக்கு அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. பெட்ரோல் டேங்கில் ஒரு பள்ளம், சீட்டில் கிழிசல், ஒரு பக்கத்துக் கண்ணாடி இல்லை. பட்டன் அமுக்கினால் ஸ்டார்ட் ஆகாது, மிதிக்க வேண்டும். ஆனால் டயர் கெட்டியாக இருந்தது, பிரேக் பிடித்தது. சட்டத்தைத் தட்டினாள், ஒன்றும் உதிரவில்லை. இன்னும் கொஞ்ச காலத்தில் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும், அதனால்தான் விலை குறைவு என்று அந்த அம்மாள் தானாகவே சொன்னாள். ஸ்டாண்டிலிருந்து இறக்க நான் பிடித்துப் பார்த்தேன். வண்டி அசையவில்லை. அந்தக் கனம் எனக்குப் பிடித்திருந்தது.

"மோன் எங்க? ஓட்டிப் பாக்கட்டு" என்றாள் அவள்.

"மோன் இல்ல. இவதான் ஓட்டப் போறா."

அவள் மகளை மேலும் கீழும் பார்த்தாள். "காலு எட்டுமா மோளே?"

"காத்தாடி மேல ஏறுத காலு மாமி. எட்டும்."

மகள் ரப்பர் மரங்களுக்கு நடுவே போய்விட்டு வந்தாள். வண்டி நன்றாகத்தான் ஓடியது. அங்கே எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும், ஓர் இலைகூட அசையவில்லை. நான் என் நிபந்தனையைச் சொன்னேன். ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வோம்.

"ஆரல்வாய்மொழிக்கா? வாங்காத வண்டியையா?" அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். "நல்ல கதையா இருக்கே. நீங்க போய்ட்டு வரலன்னா நான் அவருக்கு என்ன பதிலு சொல்லது?"

"எங்க வீட்டுக்காரர இங்க விட்டுட்டுப் போறோம்."

என் கணவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "நான் என்ன அடகு சாமானா?"

"நாங்க வரலன்னா ரப்பர் வெட்டப் படிச்சுக்கோங்கப்பா" என்றாள் மகள்.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் அவரையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். எது கூட மதிப்பு என்று யோசித்தாளோ என்னவோ. "செரி. சாரு இரிக்கட்டு. சாயா குடிக்கட்டு" என்றாள்.

நான் மகளின் பின்னால் உட்கார்ந்தேன். பார்வதிபுரம், வடசேரி, வெள்ளமடம் என்று ஊர்கள் போயின. தோவாளையில் பூ வாசம் வந்தது. அதைத் தாண்டியதும் காற்று எங்களைக் கண்டுகொண்டது. ஹெல்மெட்டுக்குள் ஊளையிட்டது. சேலையை இறுக்கிச் செருகியிருந்தும் முந்தானை கொடிபோல அடித்துக்கொண்டது. வண்டி அசையாமல் போனது. ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம், அவள் விழுந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், மகள் ஓரமாக நிறுத்தினாள்.

"நல்லா நிக்குதே மக்கா" என்றேன்.

"நீ பின்னால இருந்தா எந்த வண்டியும் நிக்கும்மா. டெய்லி ஒன்னயும் தூக்கிட்டு வேலைக்குப் போக முடியுமா? எறங்கு."

இறங்கினேன். அப்போதுதான் என் நிபந்தனையின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. காற்றில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் அவள் தனியாக ஓட்ட வேண்டும். அதே இடத்தில். நான் நின்று பார்க்க வேண்டும். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் திரும்பிவிடுவாள். அத்தோடு வண்டியும் இல்லை, வேலையும் இல்லை, ஆலய வாசலில் சொன்னது நடந்துவிடும். என் வாய் அந்த வார்த்தைக்குத் தயாராகத்தான் இருந்தது. நான் சாலையோரத்து உடைமரத்தின் கிளையைப் பிடித்துக்கொண்டேன். முள் குத்தியதை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

அவள் மலைப்பக்கம் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, நாகர்கோவிலைப் பார்த்து வந்தாள். விழுந்த நாளில் வந்ததுபோலவே. முகத்தில் மண் அடித்தது, கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடு. கண்ணை மூடக் காரணம் கிடைத்தும் நான் மூடவில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு லாரி வந்தது. முந்தியது. அவள் அதற்குப் பின்னால் மறைந்து போனாள். லாரியின் நீளம் முழுவதும் எனக்கு முன்னால் போய் முடியும்வரைக்கும் எனக்கு மகள் இல்லை.

லாரி போனது. வண்டி ஆடியது. நான் பார்த்தேன், ஆடத்தான் செய்தது. பிறகு நிமிர்ந்து என்னைக் கடந்து போனது.

அவள் சுற்றித் திரும்பி வந்து நிறுத்தினாள். "ஆடிச்சு பாத்தியா? ஆனா கோட்ட விட்டு வெலகல."

"பாத்தேன். இன்னொரு தடவ போ."

"எதுக்கு?"

"லாரி இன்னும் கிட்டத்துல வரட்டும். போடி."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள். இரண்டாம் முறை அவள் போயிருக்கும்போது போன் அடித்தது. அவர்தான்.

"எங்க இருக்கிய?"

"காத்துல."

"வண்டி எப்படி?"

"நிக்குது."

"அவ தனியாவா ஓட்டுதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நீ பாத்துட்டா நிக்க?" ஆமாம் என்றேன். "செரி. வெரசலா வாங்க. இந்தம்மா சாயா தந்துட்டே இருக்கு. வேண்டான்னு எப்படிச் சொல்லதுன்னு தெரியல" என்றார்.

வண்டியை வாங்கினோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கழுவி, ரிப்பன் கட்டி, ஆலயத்து முற்றத்தில் நிறுத்தச் சொன்னேன். பழைய வண்டிக்கு யாரும் ஜெபம் வைப்பதில்லை. மகள் வெட்கப்பட்டாள். "இந்தப் பள்ளத்துக்கு மேல ரிப்பனா?" என்றாள். பள்ளத்துக்கு மேலேயே கட்டினேன். உறைக்குள் போட்ட காணிக்கை ஊருக்கெல்லாம் கேட்டது. இது எல்லார் கண்ணிலும் படட்டும்.

போதகர் வந்தார். டேங்கின் மேல் கைவைத்து ஜெபித்தார். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர்தான் ஆமென் சொன்னார்கள். முடிந்ததும் அவர் வழக்கம்போலச் சாவியை ஆண்பிள்ளையிடம், என் கணவரிடம், நீட்டினார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு இல்ல ஐயா. ஓட்டுதவகிட்ட குடுங்க."

சாவி மகள் கைக்குப் போனது. கணவரின் தங்கை என் காதருகே வந்தாள்.

"எல்லாம் செரி மைனி. இனியும் விழுந்தா என்ன செய்விய?"

"எழும்பி வந்தா இன்னொரு ஸ்தோத்திர காணிக்கை போடுவேன். இன்னும் சத்தமா வாசிக்கச் சொல்லுவேன்" என்றேன். குரல் நடுங்கியது. அவள் அதைக் கவனித்தாள். கவனிக்கட்டும். முட்டாய்த் தட்டை அவள் பக்கம் நீட்டினேன், எடுத்துக்கொண்டாள்.

இப்போது ஆடி நடக்கிறது. காலையில் அவள் வண்டியை மிதித்து ஸ்டார்ட் பண்ணும்போது நான் வாசலில் நிற்பேன். பின்வீட்டுத் தென்னையின் ஓலைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படிந்து கிடக்கும். எங்கள் தெருவிலேயே இப்படி என்றால் கணவாயில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே ஓலையைப் பார்ப்பாள். பிறகு என்னிடம் கேட்பாள்.

"காத்து எப்படிம்மா?"

"மோசம்தான். நேரமாச்சு, கெளம்பு."